பன்னிரண்டாவது நாற்காலிக்காரர்

1
இந்தக் கதைக்குக் காரணம் பவுடர் வாசனை. பெரிய வியாழன் வழிபாட்டில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, பாதிரியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவி முத்தமிடுவார். ஒருமுறை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, பவுடர் பூசி வந்திருந்தார்கள். அப்புறம் இவர் எதைக் கழுவுகிறாராம்? சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

2
தொடக்கம் ஒன்று: 'மனிதன் கடவுளின் சாயல் என்று பாதிரியார் முழங்கியபோது வானம்...' (வேண்டாம். வானத்தை இழுத்தால் கதை உருப்படாது.)

தொடக்கம் இரண்டு: பன்னிரண்டாவது ஆள் வரவில்லை. கோயில் வாசலில் படுத்துக்கிடக்கும் மனிதர் வந்து அந்த நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார். (இவரைப் புனிதராக்கக் கை துறுதுறுத்தது. ஆனால் ஆள் சிடுமூஞ்சி, வாயைத் திறந்தால் வசவு. அப்படியே இருக்கட்டும். நல்லவருக்குத்தான் இரங்குவோம் என்றால் அது இரக்கமா, பரிசளிப்பா?)

3
பதினொரு பேரின் காலைக் கழுவி முடித்துவிட்டுப் பாதிரியார் அவர் முன் மண்டியிட்டார். காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும் நாற்றம் குப்பென்று அடித்தது. குதிகால் அழுகியிருந்தது. பக்கத்து நாற்காலி பல் டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். பாதிரியார், கடவுளின் சாயல் இப்படியா நாறும் என்று நினைத்தார், நினைத்ததற்கு வெட்கப்பட்டார்.

"என்ன சாமி பாக்குறீங்க? முத்தமெல்லாம் அவங்களுக்கு மட்டும்தானா?"

பாதிரியாரின் அக்கா நர்ஸ். எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "டேய்... சரி, ஃபாதர். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். இல்லன்னா காலையே எடுத்துடுவாங்க."

"பூசை முடியட்டும்க்கா."

"உன் பூசை காத்திருக்கும்டா. இது காத்திருக்காது."

"காலை எடுத்துடுவாங்களா?" அந்த மனிதரின் குரல் முதன்முறையாக இறங்கியது. "நடக்கிறது ஒண்ணுதான் எனக்கு மிச்சம், சாமி."

பாதிரியாரிடம் இருப்பது சைக்கிள். எழுந்து நின்று கேட்டார்: "யாராவது வண்டியில கூட்டிட்டுப் போறீங்களா?"

பதினொரு பேரும் தங்கள் சுத்தமான கால்களைப் பார்த்தார்கள். என்ன செய்வதென்று தெரியாத பாடகர் குழு, அன்பைப் பற்றிய அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தது.

(ஆம்புலன்ஸ்? அக்கா கூப்பிட்டாயிற்று. எங்கோ பெரிய விபத்தாம், வர நேரமாகுமாம். கதை எழுதுகிறவன் இந்த அநியாயமாவது செய்ய வேண்டாமா?)

4
முடிவு அ: புண் அதிசயமாக ஆறுகிறது. (எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாட்டேன்.)

முடிவு ஆ: பாதிரியார் புண்ணை முத்தமிட, சபையே அழுகிறது. (கால் போய்விடுமே ஐயா!)

முடிவு இ: பல் டாக்டர் எழுந்து, "என் வண்டி..." (எழுதி எழுதி அடித்தேன். சீட்டுக்குப் புது உறை போட்டிருக்கிறார், பாவம்.)

ஆக, நான் முடிக்கப்போவதில்லை. பாதிரியார் பூசை அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த மனிதரைத் தோளில் தாங்கி வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். கதவைப் பிடித்தபடி அக்கா நிற்கிறார். மூவரும் என்னைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்க்கிறார்கள்.

படித்தது போதும். வண்டியை எடுங்கள்.