சன்னப் பின்னும் தடி ஓட்டையும்

ஸ்டுடியோவுக்குள் நுழைந்த குட்டை, முதல் வேலையாக இரண்டு ஸ்பீக்கர்களையும் இரும்புக் குழாயால் அடித்து நொறுக்கினான். யாரும் அவனை அடிக்கச் சொல்லவில்லை. ஆறடிக்கு மேல் வளர்ந்த அந்த அடியாளுக்குக் குட்டை என்று பேர் வைத்தவன், மூளையைப் பார்த்து வைத்திருந்தால் சரியாகத்தான் வைத்திருக்கிறான். அடுத்த அடி மேஜை மேலிருந்த பெரிய ஹெட்போனில் விழுந்தது. ஒலிப்பதிவுக்காரர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

"ஒரு பயம் இருக்கணும்ல," என்று குட்டை தன் முதலாளி கான்ட்ராக்டரைப் பார்த்துப் பல்லிளித்தான்.

கான்ட்ராக்டர் சிரிக்கவில்லை. அவருடைய ஒரே மகனைப் பாலத்தருகே வழிமறித்து வெட்டிக் கொன்றிருந்தார்கள். மகன் தனியாக வருவதை உள்ளேயிருந்து எவனோ காட்டிக் கொடுத்திருக்கிறான். அந்தக் குரல் சிக்கிவிட்டது என்று ஓடி வந்து சொன்னவர் கணக்குப்பிள்ளை. ஆபீஸ் கூட்டத்தைப் பதிவு செய்த ரெக்கார்டரை அவர் அணைக்க மறந்திருந்தார். எல்லோரும் போன பிறகு ஒருவன் அதே மேஜை முன் உட்கார்ந்து போனில் கிசுகிசுத்திருக்கிறான். பேச்சு லேசாகக் கேட்கிறது, ஆள் பிடிபடவில்லை, பெரிய மிஷினில் போட்டால் தெரிந்துவிடும் என்றார். அந்த அப்பாவி மனிதர் இப்போது வாசலோரம் கைகட்டி நின்றார்.

கார் ஓட்டி வந்த டிரைவர் ஒலிப்பதிவுக்காரரின் மனைவிக்குத் தம்பி. "பெரிய மிஷின் எங்க மாமாகிட்டயே இருக்குங்க" என்று வழிகாட்டியவனும் அவன்தான். கூட்டத்தில் பேசியதைக் கேட்கப் போகிறார்கள் என்றே அவன் நினைத்திருந்தான். வெளியே காரில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக் கொண்டிருந்தான்.

ஒலிப்பதிவுக்காரர் ரெக்கார்டரிலிருந்த கார்டை எடுத்து மிஷினில் போட்டார். எதில் கேட்பது? ஸ்பீக்கர் போயே போய்விட்டது. ஹெட்போன் இரண்டு துண்டாகக் கிடந்தது. குட்டை தன் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைக் கழற்றி, அதன் பின்னை மிஷின் ஓட்டையில் சொருகினான். அது லொடலொடவென்று ஆடிக் கீழே விழுந்தது. திரும்பவும் சொருகினான், திரும்பவும் விழுந்தது. ஆத்திரம் தாங்காமல் ஒலிப்பதிவுக்காரரை ஓங்கி அறைந்தான். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

"அது போனுக்குப் போடுற சன்னப் பின்னுப்பா. இது தடி ஓட்டை, கால் இஞ்ச். இதுக்குப் பொருந்துற பின்னைத்தான் நீ உடைச்சுப் போட்ட."

"பொருந்த வைய்யா!" இன்னொரு அறை.

"வைக்கிறேன். முதல்ல இவரக் கைய நிறுத்தச் சொல்லுங்க."

கான்ட்ராக்டர் விரலை அசைத்தார். ஒலிப்பதிவுக்காரர் டிராயரைக் கவிழ்த்தார். வாக்கிடாக்கிக்குப் போடும் அதைவிடச் சன்னமான பின்தான் முதலில் கையில் அகப்பட்டது. அதை எறிந்துவிட்டு அடாப்டரைத் தேடியெடுத்தார். அதைக் குட்டையின் சன்னப் பின்மேல் மாட்டியதும் அது தடிப் பின் ஆயிற்று. ஓட்டையில் அழுத்தி, ஹெட்போனைக் காதில் வைத்தார்.

"சின்னவர் பைக்ல தனியாத்தான் வர்றாரு. பாலத்துக்கிட்ட நில்லுங்க."

தினம் மாமா, மாமா என்று வீட்டில் வளைய வரும் குரல் அது. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவர் மனைவி. அவன் செத்தால் எந்த முகத்தோடு அவள் முன் போய் நிற்பது?

இந்தத் தொழிலில் ஒரு பழைய தொல்லை உண்டு. பின் முழுதாக இறங்காமல் நெல்லளவு வெளியே நின்றால், இரண்டு காதுக்கும் சமமாக வருகிற ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். ஓரத்துச் சத்தங்கள் மட்டும் மிஞ்சும். என் குரல் எங்கே போச்சு என்று எத்தனையோ பாடகர்கள் அவரிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். ரெக்கார்டருக்கு நேர் எதிரே உட்கார்ந்து பேசியவன் குரலும் இரண்டு காதுக்கும் சமமாகத்தான் பதிந்திருந்தது. ஒலிப்பதிவுக்காரர் பின்னை நெல்லளவு வெளியே இழுத்துவிட்டு, ஹெட்போனைக் கான்ட்ராக்டரிடம் நீட்டினார்.

கான்ட்ராக்டர் வெகுநேரம் கேட்டார். "ஃபேன் ஓடுது. தெருவுல ஹார்ன் அடிக்குது. பேச்சு எங்க?"

"இருக்குங்க... நான் என் காதால கேட்டேங்க," என்றார் கணக்குப்பிள்ளை.

"நீதான் பேசுன. நீதான் அழிச்ச. யாரு மேலயோ பழி போடப் பாத்தியா?" என்று சீறினார் கான்ட்ராக்டர்.

குட்டையின் குழாய் கணக்குப்பிள்ளையின் முழங்காலில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அந்தச் சின்ன அறையில் தெளிவாகக் கேட்டது. கிழவர் சுருண்டார். "இவனைப் பிடிச்சுக்க ஒரு ஆளு வேணும்" என்று குட்டை வெளியே கூவ, டிரைவர் ஓடி வந்தான். பதிவு அழிந்துபோயிற்று, துரோகி கணக்குப்பிள்ளைதான் என்று கேள்விப்பட்டதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதை ஒலிப்பதிவுக்காரர் பார்த்தார். பிடிக்க வந்தவன் உதைக்கவே ஆரம்பித்தான். கிழவரின் வாயில், பல் தெறிக்க.

"உப்பத் தின்னுட்டு இப்படிப் பண்ணுவியாடா?" என்று கேட்டுக் கேட்டு உதைத்தான்.

"பிள்ளைங்க இருக்குய்யா எனக்கு," என்று கிழவர் அவன் காலையே பிடித்தார். அவன் குட்டையிடமிருந்து குழாயைப் பிடுங்கித் தலைக்கு மேல் ஓங்கினான்.

இதற்கா இவனைக் காப்பாற்றினோம் என்றிருந்தது ஒலிப்பதிவுக்காரருக்கு. கான்ட்ராக்டர் காதில் இன்னும் ஹெட்போன் இருந்தது. ஒலிப்பதிவுக்காரர் பதிவை முதலிலிருந்து ஓடவிட்டு, பின்னை முழுதாக உள்ளே அழுத்தினார்.

கான்ட்ராக்டர் கை உயர்ந்தது. "நிறுத்து."

கடைசிவரை கேட்டார். பிறகு மெதுவாக ஹெட்போனைக் கழற்றினார்.

"வண்டிச் சாவியக் குடுப்பா."

டிரைவர் மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டே, குழாயைக் குட்டையிடம் கொடுத்துவிட்டுச் சாவியை நீட்டினான். கான்ட்ராக்டர் குட்டையைப் பார்த்துத் தலையசைத்தார். நீட்டிய கையின் மேலேயே குழாய் இறங்கியது. இரண்டாவது அடி வாயில்.

"அக்கா!" என்று அலறினான் அவன். "அக்கா!"

ஒலிப்பதிவுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். அப்படியும் கேட்டது.