வறுத்த கட்டை

எண்பதாம் வருஷத்து மழைக்காலத்தில் நிலக்கரி லாரி ஒழுங்காக மலையேறவில்லை. கொடைக்கானலில் அந்தச் சின்ன மிஷன் ஆஸ்பத்திரியின் பாய்லருக்குப் பாதி நிலக்கரியும் பாதி வறுத்த கட்டையும் போட்டார்கள். அந்தச் சூட்டில்தான் வார்டுக் குழாய்களில் வெந்நீர் ஓடியது.

கட்டையை வறுத்துத் தந்தவள் மலைச்சரிவில் இருக்கும் அடுக்கம் கிராமத்து ராக்காயி. மரத்துண்டுகளைக் குவித்து மண்ணால் மூடி மூட்டம் போட்டு, தீ பொங்காமல் இரண்டு நாள் புழுங்கவைப்பாள். உள்ளும் புறமும் காப்பிக்கொட்டை நிறம் வந்தால் பக்குவம்.

"பச்சைக் கட்டை வந்தா வார்டு குளிர்ந்துபோகும். ஒரு துண்டு வந்தாலும் வேற ஆளைப் பார்ப்போம்" என்று ஆஸ்பத்திரிப் பொறுப்பிலிருந்த சிஸ்டர் அடைக்கலமேரி முதல் நாளே சொல்லியிருந்தார். ராக்காயியின் இரண்டு பிள்ளைகளுக்கும் கஞ்சி அந்தக் கட்டை மூட்டையில்தான் இருந்தது.

மழை விடவில்லை. நனைந்து அணையப் பார்த்த மூட்டத்தை ஒரே நாளில் பிரித்தாள். கட்டை வெளியே காப்பி நிறம், நடுவில் பச்சை.

பாய்லர்காரர் செபாஸ்டின் ஒரு துண்டை முகர்ந்து பார்த்தார். "நல்லா வறுத்திருக்க தாயி. பொடிச்சா காப்பியே போடலாம்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"இருமல் கூடிப்போச்சேண்ணே?"

"அது கெடக்கு. வெரசாப் போ, மழை வருது."

ஏமாந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டே இறங்கினாள். மூன்று வாரம் அப்படியே போயிற்று.

நான்காம் வாரம் அவள் வந்தபோது பாய்லர் முன்னால் செபாஸ்டினுக்குப் பதிலாக உதவியாள் வேலுமணி நின்றான். செபாஸ்டின் நெஞ்சுச் சளியோடு ஆண்கள் வார்டில் கிடந்தார்.

"என்னக்கா கட்டை இது, தண்ணியாக் கக்குது! ரெண்டு நாளா பாய்லர் சூடு காட்டுற முள்ளு ஏறல. வார்டுக் குழாயெல்லாம் சில்லுன்னு கெடக்கு. அண்ணனுக்கு மூணு கம்பளி போத்தியும் நடுக்கம் நிக்கல. அவரு எப்படித்தான் எரிச்சாரோ?"

ராக்காயி பாய்லரின் பின்பக்கம் போனாள். செங்கல் மேடையில் அவளுடைய கட்டைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் நடுவில் பிளக்கப்பட்டு, பச்சைப் பக்கம் சூட்டைப் பார்த்து. அவள் அரைகுறையாக விட்டதை அவர் இருமிக்கொண்டே தினமும் வறுத்து முடித்திருக்கிறார். ஒருவரிடமும் சொல்லவில்லை. கர்த்தர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

வார்டுக்கு ஓடினாள். சன்னலோரக் கட்டிலில் செபாஸ்டின் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சும் ஏண்ணே சொல்லல?"

"பிள்ளைக இருக்குல்ல, தாயி." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பாய்லர் சூடாயிருச்சா?"

அவள் கம்பளியை அவர் கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டு எழுந்தாள்.

நேரே சிஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சிஸ்டர் கணக்கு நோட்டை மூடி வைத்தார்.

"இனிமே மூட்டை கொண்டுவராதம்மா."

"சரிங்க சிஸ்டர். கெடக்கிறத மட்டும் பொறுக்கிக் கொடுத்துட்டுப் போறேனுங்க."

மறுநாள் வெள்ளெனவே வந்தவள் பாய்லர் அருகே உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பிளந்தாள். பச்சையை மேடையில் அடுக்கினாள், நன்றாக வறுபட்டதை வேலுமணியிடம் கொடுத்தாள். அவன் அதை நிலக்கரியோடு கலந்து அள்ளிப் போட்டான். உச்சிப்பொழுதில் முள் அசைந்தது. அதே நேரம் மாதா கோவில் மணி, சாவுக்கு அடிப்பதுபோல் விட்டுவிட்டு அடித்தது. அவள் கை நிற்கவில்லை.

சாயங்காலம் ஆண்கள் வார்டில் குழாய் சுட்டது. காலியாகிவிட்ட சன்னலோரக் கட்டிலுக்கு யாரோ விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.