ஆறும் நூறும்

கோதுமைச் செடிகளுக்கு வேண்டுமென்றே நோயைக் கொடுக்கிற வேலை அவளுக்கு. துருநோய்ப் பொடியை இலைகளில் தூவிவிட்டு, எந்தப் பழைய ரகம் அசராமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இலையில் நூற்றுக்கு எத்தனை பங்கு துருவேறியது என்பதுதான் கணக்கு. கையுறை முழுக்க ஆரஞ்சுப் பொடி. அதனால் வீட்டுக்குச் செய்தி அனுப்புவது போலவே, பட்டியலையும் ஃபோனிடம் வாயால்தான் சொல்வாள்.

அந்த ஃபோனுக்குக் காது மந்தம். ஒருமுறை "எல்லா இலையிலயும் துரு" என்றதைத் "திரு" என்று எழுதிவிட்டது. அம்மா உடனே கூப்பிட்டாள்.

"யாருடி அந்தத் திரு?"

"ஐயோ, அது நோய்மா."

"எல்லா ஆம்பளையும் நோய்தான். பேரைச் சொல்லு."

அன்றிலிருந்து வீட்டில் துருவுக்குப் பெயர் திரு.

மொத்தம் முந்நூறு ரகம். பார்த்தவரை ஒன்றும் தேறவில்லை. ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா பதினோரு வருடமாகத் தேடுகிறார். இந்தப் பருவமும் கைவிரித்தால் மூடிவிடுவார்கள். அவள் வேலையும் விசாவும் அதோடு சரி.

செவ்வாய்க்கிழமைதான் எண்பத்து நாலாம் தொட்டியைப் பார்த்தாள். பச்சைப் பசேலென்று நின்றது. "ஆறு" என்றாள் ஃபோனிடம், குரல் துள்ள. ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். டாக்டரம்மா வியாழக்கிழமைதான் வருவார். நேரில் சொல்லி அசத்தலாம் என்று வாயை மூடிக்கொண்டாள். பட்டியலை அனுப்பினாள். திரும்பப் படிக்கவில்லை.

புதன்கிழமை, துரு அறுபது பங்கைத் தாண்டியதாகப் பட்டியல் சொன்ன தொட்டிகளெல்லாம் வழக்கம்போல எரிக்க உலைக்குப் போயின.

வியாழக்கிழமை காலை எண்பத்து நாலு இருந்த இடத்தில் ஈர வட்டம் மட்டும் இருந்தது. அவசரமாகப் பட்டியலைத் திறந்தாள். எண்பத்து நாலு: நூறு.

ஓடினாள். உலைக்கார அண்ணன் சாம்பலை வாரிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எண்பத்து நாலு?"

"பட்டியல்ல இருந்ததெல்லாம் போயாச்சும்மா. ஏன், அதுல எதையாவது வச்சு மறந்துட்டியா?"

டாக்டரம்மாவின் அறைக் கதவுக்கு முன்னால் நின்றாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. முந்நூறும் தோற்றது என்று எழுதி மூடிவிடுவார்கள். கதவைத் தட்டினாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டரம்மா படத்தையே பார்த்தார்.

"நீ சொன்னது ஆறு?"

"ஆறுதான் மேடம். ஃபோன்…"

டாக்டரம்மா இழுப்பறையிலிருந்து எண்பத்து நாலு என்று எழுதிய பழுப்பேறிய விதை உறையை எடுத்து மேசையில் கவிழ்த்தார். கொஞ்சம் தூசி விழுந்தது.

"ஒன்பது விதை இருந்துச்சு. முளைக்குமோ முளைக்காதோன்னு ஒன்பதையும் அந்த ஒரே தொட்டியில போட்டுட்டோம். வேற எங்கயும் இது கிடையாது." உறையை ஒருமுறை தட்டினார். இன்னொரு முறையும் தட்டினார். "நீ போம்மா. நான் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன்."

வெளியே வந்தபோது அம்மாவின் செய்தி காத்திருந்தது: "படம் பாத்தேன். ஒரு செடி சூப்பரா இருக்கே! திரு தோத்துட்டாரா?"

கையுறையைக் கழற்றினாள். இந்த முறை ஒவ்வோர் எழுத்தாக விரலால் தட்டினாள்.

"இல்லம்மா. நல்லா இருக்கார்."