டெனரியிலிருந்து ஒரு நேயர்

ஒருத்தன் தினமும் காலையில் என் ரேடியோ நிகழ்ச்சிக்குப் போன் போட்டு என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தான். பெயர் சொல்ல மாட்டான். "டெனரியிலிருந்து ஒரு மீனவன்" என்று இங்கிலீஷில் சொல்வான், அவ்வளவுதான். டெனரி எங்கள் தீவின் மறுகரையிலுள்ள மீனவ ஊர்.

"மிஸ் வெர்லின், பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா? எங்க ஊரு மீன் ஐஸ் ரூம் ஜோரா ஓடுது. நீங்க தலைநகரத்துல, காஸ்ட்ரீஸ்ல ஏசியில உக்காந்துக்கிட்டு எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடறீங்க."

ஜோராக ஓடுகிறதாம்! நான் அதற்குள் போய்ப் பார்த்தவள். மந்திரி ரிப்பன் வெட்டித் திறந்த அந்தக் கட்டடத்தில் குளிர்விக்கிற மெஷினே கிடையாது. உள்ளே யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். பிடித்த மீனில் பாதி கரையிலேயே நாறிக்கொண்டிருந்தது. அதைத்தான் ரேடியோவில் சொன்னேன். சொன்ன மறுநாளே இந்த மீனவன் முளைத்துவிட்டான்.

என்னை உள்ளே கூட்டிப்போனவன் செப்டிமஸ். அவனும் டெனரி மீனவன்தான். அந்தக் கட்டடத்துக்குக் காவல்காரனும் அவனே. கதவைத் திறந்துவிட்டு, எங்கள் தீவு மொழியான க்ரியோலில் கெஞ்சினான்.

"என் பேரு மட்டும் வெளிய வரக் கூடாது மிஸ். வந்தா படகு லைசென்ஸப் புடுங்கிடுவாங்க. பிள்ளைங்க இருக்கு."

வராது என்று வாக்குக் கொடுத்தேன். எனக்கென்று சொத்து சுகம் எதுவும் இல்லை, வாய் ஒன்றுதான். மரண அறிவித்தல் வாசிக்கத்தான் என்னை ரேடியோவில் சேர்த்தார்கள். செத்தவரின் பட்டப்பெயரைத் தப்பாகச் சொன்னால் குடும்பமே திரண்டு வந்து வாசலில் சண்டை போடும். அப்படி அடிபட்டுத்தான் தொழில் கற்றேன். பிறகு புயல் செய்தி, தேர்தல் செய்தி, கடைசியில் காலை நிகழ்ச்சி. இவ்வளவு காலத்தில் எனக்குச் செய்தி சொன்னவன் எவனையும் நான் காட்டிக்கொடுத்ததில்லை.

எங்கள் மேனேஜர் கஸ்மிருக்கு அந்த ஐஸ் ரூம் செய்தி தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருந்தது. நிலையத்துக்கு வருகிற விளம்பரத்தில் பெரும்பங்கு மந்திரியின் இலாகாவிலிருந்துதான் வந்தது. ஆனால் வாயைத் திறந்து அதைச் சொல்வானா? சர்க்கரையாகப் பேசினான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல வெர்லின். ஜனங்க சொல்றாங்க. மீனவனே உன்னப் பொய்க்காரிங்கறான். வெள்ளிக்கிழமை முதலாளி வர்றாரு. ஜனங்க நம்பாத ஆள அந்த நாற்காலியில எதுக்கு வெச்சிருக்கணும்னு கேக்கறாரு. நான் என்ன பதில் சொல்ல?"

"அந்த மீனவனக் கூட்டிட்டு வாங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். நானே எந்திரிச்சுப் போயிடறேன்" என்று கத்திவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை அவன் மறுபடியும் போனில் வந்தான். அதே இங்கிலீஷ், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. அவனுக்குப் பின்னால் ரேடியோ ஓடுகிற சத்தம் கேட்டது. இது புதிதல்ல. எங்கள் தீவில் ஒருத்தரும் ரேடியோவைக் குறைத்துவிட்டுப் போன் பண்ண மாட்டார்கள். "ரேடியோவக் குறைங்க" என்று கத்திக் கத்தியே என் தொண்டை பாழாய்ப் போயிற்று.

நேயர் யாராவது கெட்ட வார்த்தை பேசினால் வெட்டுவதற்காக, எங்கள் நிகழ்ச்சி ஏழு நொடி தாமதமாகத்தான் வீடுகளுக்குப் போகும். அதனால் நான் இப்போது சொல்வது நேயர் வீட்டு ரேடியோவில் ஏழு நொடி கழித்துத்தான் கேட்கும். ஆனால் இவன் பின்னால் என் குரல் உடனுக்குடன் வந்தது. நான் "வணக்கம்" என்றால் அங்கேயும் "வணக்கம்". இருமிப் பார்த்தேன். அங்கேயும் அதே கணத்தில் இருமல்.

தாமதமில்லாமல் என் குரல் கேட்கிற ஸ்பீக்கர் இந்தக் கட்டடத்துக்கு வெளியே எங்கும் கிடையாது. உள்ளேயும் ஒன்றே ஒன்றுதான். மேனேஜர் அறையில்.

எனக்கு ரத்தம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் எல்ரிக் இருந்தான். "என் செல்போனுக்குக் கூப்பிட்டு அப்படியே ஒலிபரப்புல விடு" என்றேன். அவன் விட்டான்.

"ஜனங்களே, டெனரி மீனவரைப் பாக்கப் போறேன். டெனரி ரொம்ப தூரமில்ல. இந்த வராண்டாவோட அந்தக் கோடியிலதான் இருக்கு. ஆள் யாருன்னு இப்ப உங்களுக்கே சொல்றேன்."

நடந்துபோய்க் கதவைத் தள்ளினேன். என் போன் கிட்டே போனதும் ஸ்பீக்கர் வீலென்று ஊளையிட்டது. கஸ்மிர் பாய்ந்து அதை அணைத்தான். அவன் மேஜைக்கு எதிரே, கையில் தாளும் காதில் போனுமாக உட்கார்ந்திருந்தவன் செப்டிமஸ்.

க்ரியோலில் என்னிடம் கெஞ்சினவனும், இங்கிலீஷில் என்னைக் கிழித்தவனும் ஒரே ஆள். எனக்கு அது உறைக்கவே இல்லை. பெரிய காதுக்காரி! தூ!

கஸ்மிரிடம் ஒரு பதற்றமும் இல்லை. என் போன் பக்கம் குனிந்து ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசினான். "பாவம், போன்ல காசில்லாம, புகார் சொல்ல நேர்லயே வந்தாரு. என் போனக் குடுத்தேன். இதுல என்ன தப்பு? நிஜ மீனவர்தான், சந்தேகமிருந்தா கேட்டுக்க. யாருன்னு சொல்றேன்னியே வெர்லின், சொல்லேன். இவர உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று ஒரு வார்த்தை. இவன்தான் எனக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டவன் என்று இன்னொரு வார்த்தை. அத்தோடு கஸ்மிர் மானமும் மந்திரி மானமும் சந்தி சிரித்திருக்கும், என் நாற்காலியும் தப்பித்திருக்கும். செப்டிமஸ் தலை நிமிரவே இல்லை. அவன் பிடரியில் ஒன்று போடலாம் போல எனக்குக் கை பரபரத்தது.

ஒலிபரப்பில் சத்தமே இல்லை. ரேடியோவில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

"தெரியாது" என்றேன்.

மத்தியானத்துக்குள் என் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். மார்க்கெட்டில் பேக்ஸ் ரொட்டி பொரித்து விற்கிற ஒல்கா கைகொட்டிச் சிரித்தாள். "என்ன மிஸ் வெர்லின், வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டாங்களா? யாருன்னு சொல்றேன்னு குதிச்சியே!"

"உன் வேலையப் பாருடி" என்று வந்துவிட்டேன். வேறென்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை செப்டிமஸ் ஒரு முழுச் சூரை மீனோடு என் வாசலில் வந்து நின்றான்.

"மந்திரி ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்து படின்னு தாளக் குடுத்தாங்க மிஸ். மாட்டேன்னா என்னத்தான் சந்தேகப்படுவாங்க. நான் என்ன செய்ய?"

"தினமும் என் மானத்த வாங்கினியே, ஒரு நாள் காய்ச்சல்னு படுத்துக்கத் தெரியல?"

"மிஸ், இந்த மீனையாவது..."

"எடுத்துட்டுப் போடா! என் கண்ணுல படாத!" கதவை அவன் முகத்தில் அறைந்தேன். அவன் நெடுநேரம் வெளியே நின்றான். நான் திறக்கவில்லை. இன்றைக்கும் அவனை நான் மன்னிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு பாட்காஸ்ட் தொடங்கினேன். துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவேன், அங்கேதான் எதிரொலி வராது. கேட்பவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அவர்களிலும் பாதிப் பேர் திட்டுவதற்கென்றே கேட்டார்கள். ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. எவன் வருவான் என்னிடம்? ஊர் பார்க்க மூக்குடைபட்டவள் நான்.

ஒரு சாயங்காலம் அவரைக்காயும் கருவாடும் வேகும்போது போன் அடித்தது. தெரியாத எண். ஒரு பெண் குரல்.

"டெனரியிலேர்ந்து பேசறேன்."

"திட்டறதுன்னா சீக்கிரம் திட்டித் தொலை. அடுப்புல வேலையிருக்கு."

"திட்ட இல்ல மிஸ். அன்னிக்கு மேனேஜர் ரூம்ல இருந்தது செப்டிமஸ்தானே? குரல் எங்களுக்குத் தெரியாதா? சாவியும் அவன் ஒருத்தன்கிட்டதான். உங்களுக்குக் கதவத் திறந்துவிட்டது யாருன்னு அன்னிக்கே ஊரு கண்டுபிடிச்சிருச்சு. ஆபீஸ்காரனுங்களுக்குத்தான் மண்டையில ஏறல. நாங்க யாரும் போய்ச் சொல்லவும் மாட்டோம்."

அவளே தொடர்ந்தாள்.

"வேலை போகுதுன்னு தெரிஞ்சும் நீங்க தெரியாதுன்னீங்க. நாங்க எல்லாரும் ரேடியோ முன்னாடிதான் உக்காந்திருந்தோம். அதான் உங்களக் கூப்பிட்டேன். நான் மந்திரியோட மச்சான் கோழிப் பண்ணையில கூட்டிப் பெருக்கறேன். அந்த ஐஸ் மெஷின் அங்கதான் ஓடுது."

அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

"வழியச் சொல்லு" என்றேன்.