வொதேயாவைக் கொன்ற பிரேக்

என் புருஷன் வொதேயாவைக் கொன்றது முன் பிரேக் என்று எங்கள் பைக் டாக்ஸி ஸ்டாண்டில் இருபத்திரண்டு ஆண்கள் சொல்வார்கள். அவர்களில் ஒருவன்கூட அன்று அந்த பைக்கில் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான். அந்த வளைவில் தோள்பட்டை நழுவிப் பள்ளத்தில் கிடந்தவள் நான். இருந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்களே தீர்ப்புச் சொல்லி, அவர்களே ஒரு சட்டமும் போட்டுவிட்டார்கள்.

சட்டம் இதுதான். ஸ்டாண்டுக்கு யார் பைக் கொண்டுவந்தாலும் முதல் வேலையாக முன் பிரேக் கேபிளைக் கழற்றித் தலைவர் வமிம்பியிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் அதைக் கூரைக் கம்பத்தில் அடித்த ஆணியில் மாட்டிவிடுவார். கசாப்புக் கடையில் குடல் தொங்குவதுபோல இருபத்திரண்டு கேபிள்கள் அங்கே தொங்கிக்கொண்டிருந்தன. மசாபா மலையிலிருந்து மூன்று வாழைத்தாரும் ஒரு ஆளும் ஏற்றிக்கொண்டு எம்பாலே நகரத்துக்கு இறங்குகிற பைக்குக்குப் பின் பிரேக் மட்டும் போதுமாம். முன் பிரேக்கைத் தொட்டால் பைக் ஆளைத் தலைக்கு மேலே தூக்கி எறிந்துவிடுமாம். பின் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால்? டயர் செருப்பைத் தரையில் தேய்த்து நிறுத்திக்கொள்வார்களாம். இதைப் பெருமையாக வேறு சொல்வார்கள். காலைத் தேய்த்து பைக்கை நிறுத்துகிறவனுக்கு மூளை எங்கே இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வொதேயா போன பிறகு அவன் பைக்கை நான் ஓட்ட ஆரம்பித்தேன். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், வேறு என்ன செய்ய? முதல் ஒரு மாதம் பள்ளிக்கூடத்துப் பந்து மைதானத்தில் தனியாகப் பழகினேன். ஒரே வேகத்தில் வந்து ஒரே கோட்டில் பிரேக் பிடிப்பேன், பிறகு இறங்கிக் காலடியால் அளப்பேன். பின் பிரேக் மட்டும் என்றால் பதினான்கு அடி. இரண்டும் சேர்ந்தால் ஆறு. வண்டி நிற்கப்போகும்போது பாரமெல்லாம் முன் சக்கரத்துக்குப் போகிறது. பாரம் இருக்கிற சக்கரம்தானே தரையைப் பிடிக்கும்? பால் கறக்கிற கைபோல மெதுவாக ஆரம்பித்து இறுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் மாடும் உதைக்கும், பைக்கும் உதைக்கும். வளைவுக்குள் சாய்ந்த பிறகு பிடிக்கக் கூடாது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். சரளைக் கல்லிலும் சேற்றிலும் முன் பிரேக்கை ஒரு விரலால் தொட்டால் போதும். இவ்வளவுதான். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

நான் கேபிளைக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். விதவையிடம் என்ன சண்டை என்று வமிம்பி விட்டுவிட்டார். ஆனால் 'ரெண்டு பிரேக் கயின்சா' என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

என் கொழுந்தன் கௌகாதான் ஓயாமல் நச்சரிப்பான். அதே ஸ்டாண்டில்தான் அவனும் ஓட்டுகிறான். வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து விறகு பிளந்து போடுவான், பிள்ளைகளுக்குக் கரும்பு கொண்டுவருவான், போகும்போது வாசலில் நின்று ஆரம்பிப்பான்.

"அண்ணி, அந்தக் கேபிளக் கழட்டிடுங்க. உங்களுக்கும் ஏதாச்சும் ஆனா எனக்குத் தாங்காது."

"உனக்குத் தாங்கலேன்னா கண்ண மூடிக்கோ."

அந்த வியாழக்கிழமை சந்தை நாள். மதியம் சப்பாத்திக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பைக் ஸ்டாண்டில் நின்றது. திரும்பி வந்தபோது தலைமை ஆசிரியை நம்போசோ முட்டைத் தட்டும் கையுமாக எனக்காகக் காத்திருந்தார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கிளம்புவதற்கு முன் இரண்டு பிரேக்கையும் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். அன்று முட்டைத் தட்டை மடியில் வைப்பதா, நடுவில் கட்டுவதா என்று அந்தம்மாவோடு மல்லுக்கட்டியதில் மறந்தேன். அது என் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன்.

சர்ச்சுக் கட்டடத்தைத் தாண்டியதும் இறக்கம் ஆரம்பிக்கிறது. வளைவு வருவதற்கு நன்றாக முன்பே பெடலில் காலை வைத்தேன், முன் பிரேக் லீவரில் விரலை வைத்தேன். லீவர் கொளகொளவென்று வந்து கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. மறுமுனையில் ஒன்றும் இல்லை. பின் பிரேக்கை அழுத்தினேன், சக்கரம் பூட்டிக்கொண்டு பின்பக்கம் வாலாட்டியது. காலை எடுத்தேன், கியரைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன். இஞ்சின் கத்தியது. பின்னால் நம்போசோ டீச்சர் என் இடுப்பைப் பிடித்த பிடியில் மூச்சு நின்றுவிடும்போல இருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம்தான். இந்தப் பக்கம் யாரோ காப்பித் தொலியைக் குவித்து வைத்திருந்தார்கள். யோசிக்கவே இல்லை, நேராக அதில் விட்டேன்.

குவியலுக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்தோம். இருவருக்கும் எலும்பு முறியவில்லை. டீச்சரின் முக்காடு, மூக்கு, முழங்கை எல்லாம் முட்டை.

"முப்பது முட்டை," என்றார் அவர். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி ஆச்சு?" என்றார்.

முன் சக்கரத்தைக் காட்டினேன். கேபிள் இல்லை. திருகி எடுத்திருந்தார்கள். அறுந்தது இல்லை, யாரோ ஸ்பேனர் வைத்து ஒழுங்காகக் கழற்றியது.

எனக்கு வந்த கோபத்தில் அந்த மேட்டில் பைக்கை ஒரே மூச்சில் தள்ளிக்கொண்டு ஏறினேன். டீச்சர் முட்டை வழிய வழியப் பின்னாலேயே வந்தார். ஸ்டாண்டில் எல்லாரும் மலேவா மூங்கில் குருத்தும் வாழைக்காயும் தட்டில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆணியில் இருபத்து மூன்று கேபிள் தொங்கியது.

"எவன்டா கழட்டினது?" என்றேன்.

வமிம்பி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கயின்சா, கொஞ்சம் உக்காரு. ஸ்டாண்டு நல்லதுக்குத்தான்…"

"நல்லதா? என்னையும் இந்த டீச்சரையும் பள்ளத்துல தள்ளப் பாத்தது நல்லதா? கழட்டுறவன் சொல்லிட்டாவது கழட்டணும். இருக்குன்னு நம்பித்தானே எறங்கினேன்."

"எல்லாரும் ஒரு பிரேக்லதான் ஓட்டுறோம். நீ மட்டும் என்ன ஒசத்தி?"

"நீங்கல்லாம் ஆம்பளைங்களா? இம்பாலுச் சடங்குல ஊரே பாக்க சுன்னத்துக் கத்திக்கு முன்னாடி கண்ணுகூடச் சிமிட்டாம நின்னோம்னு மார்தட்டுறீங்க. ஒரு முழக் கம்பியப் பாத்து நடுங்குறீங்களே. அதக் கழட்டி ஆணியில வேற மாட்டி வெச்சிருக்கீங்க, ராத்திரி வந்து கடிச்சிடும்னா?"

ஒருத்தன் சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டான். அப்போது கௌகா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"நான்தான் அண்ணி கழட்டினேன்."

"நீயா?"

"உங்களக் காப்பாத்தத்தான். அண்ணன் மாதிரி நீங்களும்…"

அண்ணன் மாதிரி என்றானே, அங்கேதான் எனக்குப் பொறுமை போனது. இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கி வைத்திருந்ததை எல்லார் முன்னிலையிலும் கொட்டினேன்.

"உங்கண்ணன் எப்படிச் செத்தான்னு நான் சொல்லட்டுமா? அதுக்கு முந்தின வாரம் அவன் பைக்க எரவல் வாங்கிட்டுப் போனது யாரு? சிமெண்டு மூட்டைய ஏத்திக்கிட்டு மலையில நாலு நாள் ஏறி எறங்கினது யாரு? விழுந்த பைக்கோட பின் சக்கரத்த மெக்கானிக் என் கண்ணு முன்னாடிதான் பிரிச்சான். பிரேக் லைனிங்குன்னு ஒண்ணு இல்ல, இரும்புதான் இருந்துச்சு. தேய்ச்சுத் தீத்துட்டு ஒரு வார்த்த சொல்லாம வாசல்ல நிறுத்திட்டுப் போனவன் நீ. பின் பிரேக் பிடிக்கலேன்னுதான் அவன் முன் பிரேக்க இழுத்தான். அதப் பழகாத கை. சேத்து வளைவுல, சாஞ்சிருக்கும்போது, நாலு விரலாலயும் வெடுக்குன்னு இழுத்தான். பிரேக் என்னடா பண்ணும்?"

இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று இருந்தேன். மாமியாருக்கு மிச்சமிருக்கிற ஒரே பிள்ளை இவன். சொல்லிவிட்டேன்.

கௌகா தலையைக் குனிந்துகொள்வான், இல்லை என்பான், சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். அவன் என்னை நேராகப் பார்த்தான்.

"தெரியும் அண்ணி," என்றான். "அன்னிக்குச் சாயந்திரமே தெரியும். முன் பிரேக்தான் தூக்கி எறிஞ்சுச்சுன்னு மொத மொதல்ல சொன்னது நான்தான். தலைவர் கேட்டாரு, சொல்லிட்டேன். அப்புறம் எல்லாரும் அதையே சொல்ல ஆரம்பிச்சாங்க. கேக்கக் கேக்க எனக்கே அப்படித்தான் இருக்குமோன்னு ஆயிடுச்சு."

வமிம்பி தன் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நம்போசோ டீச்சர் முக்காட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். மழை பிடித்துக்கொண்டது.

கௌகா ஆணியிலிருந்து என் கேபிளைத் தேடி எடுத்தான். மழையிலேயே மண்டியிட்டு மாட்டினான். நட்டு இரண்டு தடவை சேற்றில் விழுந்தது. நான் உதவி செய்யவில்லை. மாட்டி முடித்து லீவரை அழுத்திப் பார்த்தான், சக்கரத்தைச் சுற்றிவிட்டு மறுபடி அழுத்தினான். நின்றது. எழுந்திருக்காமலேயே கேட்டான்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. விழறப்போ அண்ணனுக்குத் தெரிஞ்சுதா, நான்தான்னு? என்னத் திட்டினானா?"

திட்டினான் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு அது வேண்டியதுதான். வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"விழறப்போ இல்ல, அதுக்கு முன்னாடியே தெரியும். சர்ச்சுகிட்ட பெடல அமுக்கிப் பாத்தான், அது கீழ வரைக்கும் போச்சு. சிரிச்சான். 'பாரு, உன் கொழுந்தன் லைனிங்கயே தின்னுட்டான்'னு சொன்னான். எறங்கி நடக்கலாம்னு சொன்னேன். 'சும்மா உக்காரு, கீழ போய் மாத்திக்கலாம்'னான். பெட்ரோல் மிச்சம்னு இஞ்சினையும் நிறுத்திட்டு விட்டான்."

கௌகா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

வொதேயா தெரிந்தே இறக்கினான். என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு, வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே இறக்கினான். இரண்டு வருஷமாக நான் கௌகாவை மனசுக்குள் சபித்தேன், வமிம்பியைத் திட்டினேன், ஊரில் பைக் ஓட்டுகிற அத்தனை பேர்மேலும் எரிந்து விழுந்தேன். வொதேயாவை ஒரு தடவைகூடத் திட்டவில்லை. செத்தவனை யாராவது திட்டுவார்களா?

அன்று திட்டினேன். அந்த ஸ்டாண்டில், கொட்டுகிற மழையில், அத்தனை பேர் முன்னாலும் என் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தொண்டை கட்டுகிறவரை, வாய்க்கு வந்தபடி திட்டினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.