கணு கீழ்ப்பக்கம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. வேளச்சேரியில் எங்கள் கீழ்வீட்டு ஷகீலா ஒரு மத்தியானம் தன் இழைப்புளியையும் உளிகளையும் அரிசிப் பையில் போட்டு எடுத்து வந்தாள். "வச்சுக்கோ வேம்பு. இனிமே நான் மரத்தத் தொட மாட்டேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பலகையில் இருந்த கணுவை ஷகீலா கவனிக்கவில்லை.'

அவள்மேல் இருந்த பிரியத்தில் மூன்று நாள் இந்த வாக்கியத்தை வைத்திருந்தேன். பொய். அவள் கவனித்தாள்.

3

அவள் கணவர் அப்துல் கய்யூமுக்கு முதுகெலும்பில் கட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குப் போக ஒவ்வொரு முறையும் ஷகீலா வந்து தூக்க வேண்டும். ஒன்றுக்குப் போகக்கூட அவளைக் கூப்பிட வேண்டியிருந்ததில் மனிதர் பேச்சையே குறைத்துக்கொண்டார்.

கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே பாலம்போல் ஒரு பலகையை வைத்தால் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய்விடலாம். கடையில் கிடைக்கும். ஆனால் ஷகீலா பத்து வருடமாகப் பின்பக்க பால்கனியில் ஸ்டூலும் அலமாரியும் செய்கிறவள். நானே செய்கிறேன் என்றாள்.

(கர்வம் என்று எழுதி அடித்துவிட்டேன். அவருக்குத் தன் கையால் ஒன்று தர ஆசைப்பட்டிருக்கிறாள். இரண்டும்தான் என்று வையுங்கள்.)

பழைய தேக்குப் பலகை. இழைக்க இழைக்க நடுவில், கிளை முளைத்திருந்த இடத்தில், கணு தெரிந்தது. அதன் ஓரத்தில் மயிரிழை விரிசல். வேறு பலகை வேண்டுமென்றால் அவரைத் தனியாக விட்டுவிட்டு மறுபடி மரக்கடைக்குப் போக வேண்டும். மரத்தூளைப் பசையில் குழைத்து விரிசலை அடைத்தாள். உப்புத்தாள் போட்டாள், வார்னிஷ் அடித்தாள். கணு பளிச்சென்று தெரிந்த பக்கத்தைக் கீழே திருப்பினாள்.

"இன்னா ஷகீலா, கண்ணாடி மாதிரி கீது!" கய்யூம் பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தார். "இனிமே உன்ன கூப்புட மாட்டேன், பாரு."

கூப்பிடவில்லை. ஐந்து வாரம் தானாகவே போய் வந்தார். ஆறாவது வாரம், அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது உள்ளே படாரென்று ஒரு சத்தம். தொடை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டி, பதினெட்டாம் நாள்

(இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.)

4

அவர் விழுந்த அன்று, மகள் ஆஃப்ரீன் பெங்களூரிலிருந்து வந்து சேர்வதற்குள் ஷகீலா ஆஸ்பத்திரியிலிருந்து ஒருமுறை வீட்டுக்கு ஓடி வந்தாள். உடைந்த பலகையைத் துண்டு துண்டாக அறுத்துக் குப்பையில் போட்டாள். நானாக இருந்தால் இப்படி ஒன்றைக் கற்பனை செய்திருக்க மாட்டேன்.

"ரம்பம் வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்குச்சு வேம்பு."

பலகை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. "நழுவிட்டாரு" என்றாள். எல்லோருக்கும் அது போதுமாயிருந்தது.

"ஒரு கொரல் குடுத்திருந்தா இன்னா கொறஞ்சா பூடும்? வீம்பு! அத்தாவுக்கு எப்பவும் வீம்பு!" என்று ஆஃப்ரீன் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வருடம் ஒன்றாகியும் அந்தக் கோபம் தீரவில்லை. அத்தா பேரை எடுத்தாலே 'வீம்பு' என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிடுகிறாள். செத்தவர்மேல் விழுந்த பழியை ஷகீலா ஒவ்வொரு முறையும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ஷகீலா உண்மையைச் சொல்கிறாள், மகள் கட்டிக்கொண்டு அழுகிறாள். அதை என்னாலேயே நம்ப முடியவில்லை. மற்றதில் சொல்லாமலே கண்ணை மூடுகிறாள். அதை எழுதி முடிக்க எனக்குத் தெம்பில்லை.

நேற்று இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"ஆஃப்ரீன் நீ எழுதுறதெல்லாம் படிப்பா, இல்ல?"

"படிப்பாக்கா. அதான் பேரையெல்லாம் மாத்திடறேன்."

தாளை என்னிடமிருந்து வாங்கி, மகள் பேர் இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"மாத்தாத."

மாற்றவில்லை. ஆகவே முடிவை வாசகர்களிடம் விடுகிறேன் என்று நான் பொதுவாகச் சொல்ல முடியாது. ஆஃப்ரீன், இது உன்னிடம்தான் இருக்கிறது. அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். நீ வராமலே இருந்துவிடலாம். அதையும் யோசித்துத்தான் 'மாத்தாத' என்றாள்.