நடுச்சுவர்

மாடிக் கதவு சாத்த வரவில்லை என்று அக்கா கூப்பிட்டிருந்தாள். கொஞ்சம் இழைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் மேஸ்திரி வந்தான். கதவில் கோளாறு இல்லை. நிலையே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உள்ளே முப்பது பெண்கள் தலைநிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். மெஷின்களின் ஓட்டத்தில் காலடியில் தளம் நடுங்கியது.

கீழே இறங்கினான். காலியாகக் கிடந்த கூடத்தில் ஏணியைப் போட்டு, பொய்க்கூரைப் பலகை ஒன்றைக் கழற்றினான். இரும்பு உத்தரம் நடுவில் தொய்ந்திருந்தது. அது உட்கார்ந்திருந்த செங்கல் நொறுங்கி, மேலே மெஷின் ஓட ஓட மாவாக உதிர்ந்தது.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாபாரி தன் பெரிய குடும்பத்துக்காகக் கட்டிய வீடு அது. பிறகு பிரசவ ஆஸ்பத்திரியானது. அக்காவும் அவனும் பிறந்தது இந்தக் கூடத்தில்தான். அதன் பிறகு மரச்சாமான் கடை. கட்டிலும் பீரோவும் பரப்பி வைக்க, நடுவில் நின்ற சுவர் கடைக்காரருக்கு இடைஞ்சலாக இருந்தது. மேஸ்திரி தனியாக எடுத்த முதல் வேலை அதை இடிப்பது. நாலு கல் பெயர்த்ததுமே மாடியைத் தாங்குகிற சுவர் என்று தெரிந்துவிட்டது. சொன்னால் வேலை கைநழுவிவிடும். சுவரை இடித்துவிட்டு, கிடைத்த இரும்பு உத்தரத்தைக் குறுக்கே கொடுத்து ஒப்பேற்றினான். மாடி அப்போது காலி. பத்து வருஷம் கழித்து அக்கா அதைத் தையல்கூடத்துக்கு எடுத்தபோதும் அவன் வாயைத் திறக்கவில்லை. "நாம பொறந்த வீடுடா" என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்துவைத்தான்.

இப்போது படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான்.

"அக்கா, எல்லாரையும் கீழ அனுப்பு. இப்பவே."

"நாலு மணிக்கு லாரி வருதுடா. கதவ நாளைக்குப் பாத்துக்கலாம், போ."

"கதவு இல்லக்கா. தளம் இறங்குது."

"பழைய வீடு, அப்படித்தான் இருக்கும். நீ ஏன் பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"கீழ இருந்த சுவர இடிச்சது நான்தான். இடிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சே இடிச்சேன்."

அவள் கையில் கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. அதைக் கீழே வைத்தாள். பிறகு கையைத் தட்டினாள்.

"மெஷின நிறுத்துங்க!"

சத்தம் அடங்கியதும் தரைக்கடியில் ஏதோ முறிகிற ஓசை எல்லோருக்கும் கேட்டது.

"யாரும் ஓடாதீங்க" என்றான் மேஸ்திரி. "நடுவுல வராம, சுவர ஒட்டி ஒவ்வொருத்தரா வாங்க."

அக்கா வாசலில் நின்று எண்ணினாள். இருபத்தொன்பது. மறுகோடியிலிருந்த கழிவறைக் கதவு சாத்தியிருந்தது.

"நான் போறேன்க்கா."

"என்னைவிட நீ கனம். நில்லு."

செருப்பை உதறிவிட்டு, உள்ளங்கையைச் சுவரில் பதித்தபடி நடந்தாள். பாதி தூரத்தில் காரை பெயர்ந்து விழுந்தது. அவள் நின்றாள். மறுபடி நடந்தாள். ஈரக்கையோடு விழித்த அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து, போன வழியே கூட்டிவந்தாள்.

தெருவில் வெயில் கொளுத்தியது. அக்கா நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் அவள் தோளைத் தொட வந்தபோது விலகிக்கொண்டாள்.

"என்கிட்டச் சொன்னத இவங்ககிட்டயும் சொல்லு."

முப்பது முகங்கள் அவனை நோக்கித் திரும்பின. ஒருத்தியின் உதடுகளுக்கிடையே குண்டூசிகள் அப்படியே இருந்தன. மாடி ஜன்னல்களுக்குள், யாருமில்லாத கூடத்தில், மின்விசிறிகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன.